ஸ்கேன் எடுத்த பிறகுதான் கரு தெரிந்தது: கலைத்தே ஆக வேண்டுமா?

குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சியை ஒட்டிய கடலோர ஊரில் பிறந்து, ராதாபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கும் 27 வயது வாசகி எட்டுப் பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். திருமணமாகி இரண்டு ஆண்டுகள். கணவர் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. சென்ற மாதம் ஒரு நள்ளிரவில் இடுப்பிலிருந்து அடிவயிறு வரை சுண்டியிழுக்கும் வலி. தனியார் மருத்துவமனை ஒன்றில் மார்புக்கும் வயிற்றுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு மருந்து எதுவும் ஏற்றாமல் வயிற்றுக்கு சிடி ஸ்கேன். சிறுநீர்க் குழாயில் 4 மில்லிமீட்டர் கல். மூன்றாம் நாள் தானாகவே வெளியேறிவிட்டது. கடைசி மாதவிலக்கு தொடங்கி அன்றைக்கு 32 நாள். “எனக்கு நாலைந்து நாள் தள்ளிப்போவது வழக்கம்தான், அதனால் நானும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை” என்கிறார். பத்து நாள் கழித்துப் பரிசோதித்தபோது கரு உறுதியானது. இப்போது ஒன்பதாவது வாரம்.

“குறையோடு பிறந்தால் ஆயுசுக்கும் யார் பார்ப்பது?” என்று மாமியார் கலைக்கச் சொல்கிறார். மருத்துவமனை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அம்மாள் மாத்திரை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கணவர் எதுவும் பேசுவதில்லை. கணவரின் அக்காவுக்கு இரண்டு முறை கரு கலைந்ததற்குக்கூட அணு உலைதான் காரணம் என்பது வீட்டில் முடிந்துபோன தீர்ப்பு. “பிறந்த ஊரில் மணலே கதிர்வீச்சு, புகுந்த ஊரில் அணு உலை, இப்போது என் வயிற்றுக்குள்ளும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இனி குழந்தைக்கு ஸ்கேன் எடுக்கவும் பயமாக இருக்கிறது” என்று முடிகிறது கடிதம்.

சகோதரி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் பரிசோதனைகளை வைத்துப் பார்த்தால், இந்தக் கருவைக் கலைக்கக் கதிர்வீச்சு ஒரு காரணமே ஆகாது. கதிரியல் துறையில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இதே கேள்வியோடு வந்து என் அறை வாசலில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் நடந்த பேச்சையெல்லாம் வரி விடாமல் எழுதியிருக்கிறீர்கள். எட்டுப் பக்கத்தில் ‘எவ்வளவு’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. கதிர்வீச்சு பட்டதா என்று கேட்டால் எல்லோருக்கும் ஆம் என்றுதான் பதில். உப்பைப் போலத்தான் இதுவும். ஒரு சிட்டிகைக்கும் ஒரு படிக்கும் பெயர் ஒன்றுதான்.

வயிற்றுக்குள் எவ்வளவு போயிருக்கும்?

உடல் வாங்கிக்கொள்ளும் கதிர்வீச்சை மில்லிகிரே என்ற அளவில் சொல்கிறோம். எக்ஸ்ரே, சிடி இரண்டையும் பொறுத்தவரை 1 மில்லிகிரேயை 1 மில்லிசீவர்ட் என்றே எண்ணிக்கொள்ளலாம். மார்பு எக்ஸ்ரேயில் கருப்பைக்குப் போய்ச் சேருவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. வயிற்று எக்ஸ்ரேயில் 0.1 முதல் 3 வரை. சிடிதான் பெரிய கணக்கு. கல் தேடுவதற்காக ஒரே ஒரு முறை ஓட்டிய சிடி என்றால் பொதுவாக 10 மில்லிகிரேயை ஒட்டி இருக்கும். பழைய இயந்திரம், கனத்த உடல்வாகு என்றால் 25 வரை போகலாம். எல்லாவற்றையும் தாராளமாகக் கூட்டினாலும் 30ஐத் தொடுவது கடினம்.

50 மில்லிகிரேக்குக் கீழே குழந்தைக்கு உறுப்புக் குறைபாடு கூடியதாக எந்தச் சான்றும் இல்லை. கருவுக்குப் பட்டது 100 மில்லிகிரேக்குள் இருந்தால் கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமில்லை என்று பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் எழுதியே வைத்திருக்கிறது. உலகம் முழுக்க மருத்துவர்கள் பின்பற்றுவது இதைத்தான்.

நாள் கணக்கையும் பார்த்துவிடுவோம். 32ஆம் நாள் என்றால் கரு உருவாகி ஏறத்தாழ 18 நாள். முதல் இரண்டு வாரங்களில் பெரிய அளவு கதிர்வீச்சு பட்டால் ஒன்று கரு தங்காது, இல்லையென்றால் முழுமையாகத் தேறிவிடும். நீங்கள் அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் தாண்டி, உறுப்புகள் உருவெடுக்கத் தொடங்கும் நேரத்தில் இருந்தீர்கள். அதை மறைத்து உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் கட்டத்துக்கும் நான் சொன்ன 100 என்ற எல்லை பொருந்தும். நீங்கள் அதன் அருகில்கூட வரவில்லை.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? மிகச் சிறிய ஒன்று உண்டு. கருவில் 10 மில்லிகிரே பட்ட 1,700 குழந்தைகளில், 15 வயதுக்குள் புற்றுநோயால் இறப்பது கூடுதலாக ஒன்று இருக்கலாம் என்பது அதே ஆணையத்தின் மதிப்பீடு. மிச்சம் 1,699 பேருக்கு அதனால் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றைப் பற்றியும் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. உங்கள் சிடி 20 என்று வந்தால் அந்த ஒன்றை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நாளை வேறு யாராவது பாதியைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள்.

இன்னொரு கணக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டும். எக்ஸ்ரே அறைப் பக்கமே போகாத தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு மூன்று பேருக்கு ஏதாவது பெரிய பிறவிக் குறை இருக்கும். தாய் செய்த தவறு என்று அதில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. உறுதியான கருக்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தாமாகவே கலைந்துவிடுகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் கோளாறால் நேர்பவை. உங்கள் நாத்தனாரின் இழப்புக்கு அணு உலையைக் கைகாட்டும்போது, அவர் பார்த்திருக்க வேண்டிய மகப்பேறு மருத்துவரை யாரும் கைகாட்டவில்லை என்பதுதான் என் வருத்தம். இரண்டு முறை கலைந்த பெண்ணுக்குச் செய்து பார்க்க வேண்டிய பரிசோதனைகள் இருக்கின்றன. அவரை அனுப்பிவையுங்கள்.

பயத்தால் போன கருக்கள்

1986 ஏப்ரல் 26 அன்று, இன்றைய உக்ரைனில் இருக்கும் செர்னோபில் அணு உலை வெடித்தது. கிரீஸ் நாடு அங்கிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. கிரீஸில் இருந்தவர்களுக்குப் பட்டது ஒரு மில்லிசீவர்ட் அளவுதான். ஆனால் வதந்தி முதலில் வந்து சேர்ந்தது. பயந்துபோன தாய்மார்கள் ஒரு பக்கம், என்ன சொல்வதென்று தெரியாத மருத்துவர்கள் இன்னொரு பக்கம். அடுத்த ஜனவரியில் பிறப்புகள் திடீரெனக் குறைந்ததைக் கவனித்துக் கணக்கெடுத்தார்கள். விபத்து நேரத்தில் தொடக்க நிலையில் இருந்த கருக்களில் 23 விழுக்காடு கலைக்கப்பட்டிருந்தன என்று 1987இல் ஆய்வு வெளியானது. ஏறத்தாழ 2,500 கருக்கள். பெற்றோர் விரும்பிச் சுமந்தவை. உங்கள் வீட்டில் இப்போது நடப்பது அதேதான், ஒரு வீட்டு அளவில்.

செர்னோபில் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். உலைக்கு அருகே நின்ற பணியாளர்களும் தீயணைப்பு வீரர்களுமாக 28 பேர் சில மாதங்களுக்குள் கதிர்வீச்சு நோயால் இறந்தார்கள். கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. பால் விநியோகத்தை அன்றே நிறுத்தியிருந்தால் அதில் பெரும்பகுதி வந்திருக்காது. அணுமின் நிலையம் வேண்டுமா, கழிவை எங்கே வைப்பது, அவசர காலத்தில் ஊரை எப்படி வெளியேற்றுவது என்பதெல்லாம் இடிந்தகரை மக்கள் கேட்ட கேள்விகள். எனக்கும் அவற்றில் சில உண்டு. ஆனால் அந்த விவாதத்தை ஒரு பெண்ணின் வயிற்றை வைத்து நடத்தக் கூடாது.

கணவரின் சட்டையும் உங்கள் உடம்பும்

ஸ்கேன் முடிந்து வந்ததும் தலைக்குக் குளிக்கவைத்து, உடுத்தியிருந்த துணியை எரிக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல துணியாக இருந்திருக்கும், பாவம். வெயிலில் நின்றவர் வீட்டுக்குள் வரும்போது வெயிலைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. எக்ஸ்ரேயும் அப்படித்தான். பொத்தானை விட்ட நொடியில் தீர்ந்துவிடும். உங்கள் உடம்பில் எதுவும் ஏறி உட்கார்ந்திருக்கவில்லை. கழுவிப் போக்க வேண்டியதும் எதுவுமில்லை.

சேற்றில் இறங்கி வந்தவர் விஷயம் வேறு. அவர் காலோடு சேறும் வரும். கதிரியக்கப் பொருள் தூசியாகத் துணியில் ஒட்டினால் அதுதான் நடக்கும். அதற்காகத்தான் அணுமின் நிலையத்தில் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவரையும் கருவியில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். வேலைத் துணியை அங்கேயே கழற்றிவைக்க வேண்டும். உங்கள் கணவரிடம் கேளுங்கள், தெரிந்திருப்பார். அவர் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார் அல்லவா? மாமியார் நினைப்பதுபோல அது கதிர்வீச்சைத் தடுக்கும் தாயத்து அல்ல. பட்டது எவ்வளவு என்று கணக்கு வைத்துக்கொள்ளும் கருவி. நம் நாட்டில் இத்தகைய பணியாளருக்கு எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படக் கூடாது, ஐந்தாண்டுச் சராசரி 20ஐத் தாண்டக் கூடாது. தன் பேட்ஜ் என்ன காட்டியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் அந்த உரிமை குறையாது. பேட்ஜை அறையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது மட்டும் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தகப்பனுக்குப் பட்டது பிள்ளைக்குப் போகுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுக்குத் தப்பிப் பிழைத்தவர்களுக்குப் பின்னாளில் பிறந்த 75,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். பெற்றோருக்குப் பட்ட கதிர்வீச்சால் அவர்களிடம் பரம்பரைக் குறைகள் கூடியதாகத் தெரியவில்லை.

அதைவிட, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: “கவலையில் இப்போது அதிகமாகச் சிகரெட் பிடிக்கிறார்.” புகையிலையில் பொலோனியம்-210 என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. அது புகையோடு நுரையீரலுக்குப் போகிறது. அதை விடுங்கள், அந்தப் புகையில் இருக்கும் மற்ற நஞ்சுகளே போதும். கருவுற்றவள் இருக்கும் வீட்டுக்குள் கூடாத புகை எது என்று கேட்டால், நான் அணு உலை இருக்கும் திசையில் கைகாட்ட மாட்டேன்.

கைபேசிக் கோபுரம், வயிற்று ஸ்கேன்

கைபேசிக் கோபுரத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்து வருவது வேறு இனம். வானொலி அலையின் உறவு. அணுவை உடைக்கவோ மரபணுவை அறுக்கவோ அதற்கு வலு கிடையாது. கருவைப் பார்க்க எடுக்கும் ஸ்கேன் கதிர்வீச்சே அல்ல, ஒலி. வௌவால் இருட்டில் வழி கண்டுபிடிக்கும் அதே வித்தை. எம்ஆர்ஐ என்பது காந்தம். எல்லாவற்றையும் நாம் ‘ஸ்கேன்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டதால் வந்த குழப்பம் இது. பழி எங்கள் துறைமேல்தான். பயந்துகொண்டு 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய ஸ்கேனையும், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனையும் தவறவிட்டால் அதுதான் உண்மையான இழப்பு. குழந்தை நன்றாக இருக்கிறது என்று உங்கள் மாமியாருக்குக் கண்ணால் காட்டக்கூடியதும் அதுதான்.

முடிவு யாருடையது?

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணுக்குக் கருவைக் கலைக்க அவளுடைய சம்மதம் ஒன்றே வேண்டும். கணவர் சம்மதம் தேவையில்லை, மாமியார் சம்மதம் தேவையே இல்லை. அதே காரணத்தால் அவர்களுடைய விருப்பத்துக்காக உங்கள் கருவைக் கலைக்கவும் முடியாது. பெண்ணின் சம்மதமில்லாமல் கருவைக் கலைப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவுப்படி ஆயுள் தண்டனை வரை போகும் குற்றம். இதை வீட்டில் சட்டப் புத்தகம்போல வாசிக்கச் சொல்லவில்லை. உங்கள் மனத்தில் இருக்கட்டும்.

வேறு காரணங்களால் உங்களுக்கே இந்தக் கரு வேண்டாம் என்று இருந்தால் அது உங்கள் முடிவு. 2021இல் சட்டத்தைத் திருத்திய பிறகு 20 வாரம் வரை ஒரே ஒரு மருத்துவரின் கருத்து போதும். அவசரப்பட வேண்டிய தேவை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. குழந்தைக்குப் பெயர் யோசித்து வைத்திருந்ததாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

பக்கத்து வீட்டு அம்மாள் தரும் மாத்திரையைத் தயவுசெய்து தொடாதீர்கள். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்துக்கடை மாத்திரையைப் போட்டு, இரத்தம் நிற்காமல் இரவோடு இரவாகக் கொண்டுவரப்படும் பெண்களை ஒவ்வோர் அரசு மருத்துவமனையும் பார்க்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்த மாத்திரை வேலை செய்யாமல் கரு தங்கிவிட்டால், அதில் உள்ள மிசோப்ரோஸ்டால் என்ற மருந்தே குழந்தைக்குக் கை கால் குறைபாட்டையும் முக நரம்புக் குறைபாட்டையும் உண்டாக்கக்கூடும். சிடி செய்யாததை மாத்திரை செய்துவிடும்.

இனி என்ன செய்வது?

சிடி எடுத்த இடத்தில் போய், உங்கள் பரிசோதனையின் கதிர்வீச்சு அளவுப் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிடி இயந்திரமும் அதைத் தானாகவே பதிந்துவைக்கும். கேட்கத் தயங்க வேண்டாம். மாதவிலக்குத் தேதியைக் கேட்காமல் இளம்பெண்ணின் வயிற்றுக்கு சிடி எடுத்தது அவர்கள் தரப்புத் தவறு, கர்ப்பம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்ற அறிவிப்புப் பலகை சுவரில் தொங்கியிருந்தாலும்கூட. முதலில் ஒலி ஸ்கேன் எடுத்துப் பார்த்திருந்தாலே கல் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் சண்டைக்குப் போக இது நேரமல்ல, தாளை வாங்கிக்கொண்டு வாருங்கள். கதிர்ச்சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ இயற்பியலாளர் ஒருவர் இருப்பார். அவரால் உங்கள் குழந்தைக்குப் பட்டது எவ்வளவு என்று எண்ணாகவே கணக்கிட்டுத் தர முடியும். அந்த எண்ணோடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நீங்கள் சொன்னால் கேட்காததை வெள்ளைக் கோட்டு சொன்னால் கேட்பார்.

ஃபோலிக் அமில மாத்திரையைப் பயத்தில் நிறுத்தியிருந்தால் இன்றே தொடங்குங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கல் வந்த உடம்பு, மறுபடியும் வரக்கூடும். இனி எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் வார்த்தையாக மாதக் கணக்கைச் சொல்லுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: “தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகலாமா? அங்கேதான் மணல் முழுக்கக் கதிர்வீச்சாயிற்றே?”

உங்கள் ஊர்க் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பது 1909 முதல் உலகத்துக்குத் தெரியும். அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. திருவிழாவுக்குப் பெட்ரோமாக்ஸ் ஏற்றிய காலத்தில், அந்த மேண்டிலை வெள்ளையாக ஒளிரவைத்தது தோரியம்தான். உலகச் சராசரிப்படி ஒருவருக்கு இயற்கையிலிருந்து ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. அதில் பாதி, தரையிலிருந்து கசிந்து வீட்டுக்குள் தேங்கும் ரேடான் வாயுவால். ஒரு பங்கு நம் உடம்புக்குள்ளேயே இருக்கும் பொட்டாசியத்திலிருந்து. உங்கள் மாமியாரின் உடம்பிலும் நொடிக்கு நாலாயிரம் அணுக்களாவது சிதைந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் கடற்கரைக்கு வடக்கே, அதே வகை மணல் கிடக்கும் கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளியில் மண்ணிலிருந்து மட்டுமே ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கு மேல் வரும் இடங்கள் உண்டு, சில திட்டுகளில் 70 வரை. அங்கே 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. மணலால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதே கடலோரத்தில் ஏறத்தாழ 1,41,000 பிறந்த குழந்தைகளைப் பார்த்த இன்னோர் ஆய்விலும், செத்துப் பிறப்பதோ பெரிய பிறவிக் குறைகளோ கதிர்வீச்சு கூடிய இடங்களில் அதிகமில்லை.

உங்கள் அம்மா அந்த மண்ணில்தான் உங்களைச் சுமந்தார். மூன்று மாதம் அங்கே தங்கினால் பிள்ளைக்குக் கூடுதலாகப் படுவது ஒரு மில்லிகிரே அளவில் இருக்கும். தாராளமாகப் போங்கள். நான் யோசிப்பது மணலை அல்ல, வழியை. ராதாபுரத்திலிருந்து எட்டாம் மாதத்துக்கு மேல் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போகாதீர்கள், வளைகாப்பு முடிந்த கையோடு கிளம்பிவிடுங்கள். அம்மா வீட்டுக்கு அருகே இரவிலும் அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனை எது என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சிடி தாளும் ஸ்கேன் தாள்களும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.